குற்றம் முழங்காலில் இல்லை

"தங்கச்சி, இந்தச் சைக்கிளை நீங்களே எடுத்துக்கங்க. எனக்கு ஏலாது. முழங்கால் ரெண்டும் கழண்டு விழுற மாதிரி இரிக்கி."

அந்த ராத்தா எங்கள் நிலையத்துக்கு வந்து இப்படிச் சொன்னபோது நான் திடுக்கிட்டுப் போனேன்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடி ஞாபகமிருக்கும். மோட்டார் சைக்கிள்கள் முற்றத்தில் நின்றுவிட, காத்தான்குடித் தெருக்களில் பழைய சைக்கிள்கள் மீண்டும் ஓடத் தொடங்கின. அப்போது தையல் வேலை செய்யும் பன்னிரண்டு பெண்களுக்கு உதவித் திட்டமொன்றின் மூலம் சைக்கிள் பெற்றுக் கொடுத்தோம். கணவரை இழந்த ராத்தாவும் அவர்களில் ஒருவர். தைத்த உடுப்புகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரையம்பதி வரை போய்க் கொடுத்து வருவார். சைக்கிள் நின்றால் வருமானமும் நின்றுவிடும்.

"பொம்புளைகளுக்கு இதெல்லாம் சரிவராது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். நானும் பெரிதாக யோசிக்காமல், "சீட்டை இன்னும் பதித்துப் பாருங்கள்" என்றேன். ஒரு கிழமையில் வலி கூடிவிட்டது.

பிறகுதான் சைக்கிள் திருத்தும் காக்கா ஒருவரிடம் போனோம். ராத்தாவைச் சீட்டில் இருத்தி, பெடலை மெதுவாகச் சுற்றச் சொல்லிப் பார்த்தார். முழங்கால் ஏறக்குறைய வயிற்றைத் தொட்டது.

"மகள், கிராங்க் நீளம். சீட்டைப் பதிச்சது அதை விடப் பிழை" என்றார்.

கிராங்க் என்பது பெடலைத் தாங்கும் இரும்புக் கை. நடு அச்சின் மையத்திலிருந்து பெடல் அச்சின் மையம் வரை அளந்தால் அதன் நீளம் தெரியும். ராத்தாவின் சைக்கிளில் அது 170 மில்லிமீற்றர். ராத்தாவின் உயரமோ நான்கு அடி ஒன்பது அங்குலம்தான். அவர் 24 அங்குலச் சில்லு சைக்கிளொன்றின் 152 மில்லிமீற்றர் கிராங்கைத் தேடி எடுத்துப் பொருத்தினார்.

பதினெட்டு மில்லிமீற்றரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். கணக்கு அப்படியல்ல. கிராங்க் குறையும்போது பெடல் கீழே அவ்வளவு தூரம் இறங்காது. ஆகவே சீட்டை 18 உயர்த்தலாம். மேலே வரும்போது பெடல் 18 குறைவாகவே ஏறும். இரண்டும் சேர்ந்து, முழங்கால் மடியும் இடத்தில் 36 மில்லிமீற்றர் இடைவெளி கிடைக்கிறது. வலியைக் குறைப்பது அந்த இடைவெளிதான்.

ஒரு குறையும் உண்டு. கை குட்டையானால் மிதிக்கும்போது பாரம் கூடும். கச்சான் காற்றுக்கு எதிரே அது நன்றாகவே தெரியும். ஆனால் புதிய கிராங்கோடு வந்த பல்சக்கரத்தில் பற்களும் குறைவாக இருந்ததால் பாரம் சமப்பட்டது. செயினில் சில கண்ணிகளைக் கழற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நமது ஊர் சமதரை என்பதும் உதவியது.

பின்னர் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பயிற்சி பெற்ற 16 பேரை 120 முதல் 220 மில்லிமீற்றர் வரை ஐந்து நீளங்களில் முழுப் பலத்தோடு மிதிக்கச் செய்தார்கள். மிகக் குட்டையானதிலும் மிக நீளமானதிலும் கூட 4 வீதமளவே வலு குறைந்தது. காலின் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பொருத்தம் என்பது அதிலிருந்து கிடைத்த பொது அளவு. 2024இல் டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்ற ததேய் பொகாச்சர் பயன்படுத்தியது 165 மில்லிமீற்றர். அவர் உயரம் ஐந்து அடி ஒன்பது அங்குலம்! நம் ராத்தாவுக்கு நாங்கள் கொடுத்ததோ அதைவிட நீளம்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, சராசரி என்ற சொல்லுக்குள் மறைந்து போகிறவர்களைத் தேடிப் பார்க்கக் கற்றோம். ஆனால் நான் நிரப்பிய படிவத்தில் 'பெண்கள் சைக்கிள் 12' என்றுதான் இருந்தது. உயரம் எழுத ஓர் இடம் இல்லை, நானும் கேட்கவில்லை. தவறு என்னுடையது. தண்டனை அனுபவித்தது ராத்தாவின் முழங்கால்.

சகோதரிகளே, உங்களுக்கோ உங்கள் மகளுக்கோ சைக்கிள் வாங்கும்போது நிறத்தையும் கூடையையும் மட்டும் பார்க்காதீர்கள். சீட்டில் ஏறி இருந்து சுற்றிப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் லேசாக மட்டும் மடிய வேண்டும். மேலே வரும்போது முழங்கால் வயிற்றை நெருக்கக் கூடாது. நெருக்கினால் கிராங்கை அளந்து பாருங்கள். சரி செய்த பிறகும் வலி நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ராத்தா சைக்கிளைத் திருப்பித் தரவில்லை. மற்றப் பதினொரு பேரின் உயரத்தையும் நான் பிறகுதான் அளந்தேன். இன்னும் மூவருக்குக் கிராங்க் மாற்ற வேண்டியிருந்தது.