பட்டியலும் ஆட்டமும்

பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் என்று மூன்றாவது ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். இந்தக் குறுகிய தூரத்துக்குள், ரயில் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, கால்பந்து ஆடுகிற கல்லூரிகள் நாலாவது இருக்கின்றன. பல்லாவரத்தில் வேல்ஸ். குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. கிழக்குத் தாம்பரத்தில் கிறித்துவக் கல்லூரி. அதைத் தாண்டிச் சேலையூரில் பாரத். 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனபிறகு நாலும் ஒரே மாநகராட்சிக்குள் அடக்கம். ஆனால் இந்த நாலில் எது நல்ல அணி என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. போட்டி அமைப்பைப் பொறுத்தவரை இவை நாலு தேசங்கள்.

கிறித்துவக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. லயோலா, பச்சையப்பன், மாநிலக் கல்லூரி, நியூ காலேஜ் வகையறாவோடு அந்தப் பல்கலைக்கழகத்தின் ஜோன் ஏற்பாட்டுக்குள் ஆட வேண்டியது. எம்.ஐ.டி. 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. அதன் எதிரிகள் பொறியியல் கல்லூரிகள். வேல்ஸும் பாரத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அவற்றுக்கு ஜோன் என்கிற தெருவே கிடையாது. நேரே தென்மண்டலப் பல்கலைக்கழகங்களின் போட்டி வாசலில் போய் நிற்கலாம். கிறித்துவக் கல்லூரி அணி, அணியாக, அந்த வாசலை எட்ட முடியாது. அதிலிருந்து தேறுகிற ஒன்றிரண்டு பையன்கள், பிற கல்லூரிகளில் தேறியவர்களோடு சேர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு போவார்கள்.

இந்த வரைபடமும் நிலைத்து நின்றதில்லை. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரு காலத்தில் திருச்சி செயின்ட் ஜோசப்பும் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் இருந்தன. 1966இல் மதுரைக்குத் தனிப் பல்கலைக்கழகம் வந்தது. 1982இல் கோவைக்கும் திருச்சிக்கும் வந்தது. 2001-02 வாக்கில் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போயின. 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் ஏற்பட்டு வேலூர் ஊரிஸ் கல்லூரியையும் கூட்டிக்கொண்டு போயிற்று. இந்தப் பிரிவினைகள் எதுவும் கால்பந்தை மனத்தில் வைத்துச் செய்ததல்ல. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் யார் யாரோடு மோதுவார்கள், யார் யாரை ஒருநாளும் சந்திக்கமாட்டார்கள் என்பது மாறிப்போயிற்று. அமெரிக்காவில் கதை நேர்மாறு. கையால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கால்பந்து என்கிற அந்த நாட்டில், தொலைக்காட்சிப் பணத்தின் இழுப்பில், 2024இல் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகங்கள் இரண்டு நியூ ஜெர்ஸிப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிற குழுவில் போய்ச் சேர்ந்தன. ஒரு கடற்கரையும் எதிர்க் கடற்கரையும் ஒரே ஜோன். இங்கே மூன்று ஸ்டேஷனுக்குள் நாலு தேசம். ‘நல்ல அணி’ என்று நாம் சொல்லும்போது எந்தச் சுவருக்குள் நின்று சொல்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டியிருக்கிறது.

சரி, சுவருக்குள்ளேயே நிற்போம். அங்கேயாவது ஒப்பீடு சுலபமா?

பருவம் முடிகிற சமயத்தில்தான் ஒப்பிடுகிற வெறி ஏறும். ஆரம்பத்தில் ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் கடைசியில் பட்டியலைப் பார்க்கிறார்கள். நாக்-அவுட் ஆடவிட்டு, மிஞ்சிய நாலு அணிகளை லீக்காக மோதவிடுவது நம் பக்கம் பழக்கமான முறை. ஆளுக்கு மூன்று ஆட்டம். இரண்டாம் நாளே கோட்டோரத்தில் கணக்கு ஆரம்பித்துவிடும். முதல் அணி இரண்டாவதை வென்றது. இரண்டாவது மூன்றாவதை வென்றது. ஆகவே முதலாவது மூன்றாவதை வெல்லும். இந்த ‘ஆகவே’ எண்களுக்குள் செல்லும், மைதானத்தில் செல்லாது. மூன்றாவது அணி முதலாவதை வென்று வட்டத்தை மூடிவிடும். இதில் மர்மம் ஒன்றுமில்லை. முதல் அணியில் பேக்குகள் நெடுநெடுவென்று உயரம். இரண்டாவது அணியின் விங்கிலிருந்து வருகிற உயரப் பந்தெல்லாம் அவர்கள் தலைக்குப் போய் வீணாகும். மூன்றாவது அணி பந்தைத் தரையோடு தரையாகக் காலுக்குக் கால் நகர்த்துவது. அதற்குக் குனிய முடியாமல் உயரக்காரர்கள் திணறுவார்கள். ஆனால் அதே மூன்றாவது அணியால் இரண்டாவதன் விங் வேகத்தைத் துரத்த முடியாது. பலம் என்பது ஓர் அணி பெட்டியில் பூட்டி எடுத்துவருகிற சொத்தல்ல. இரண்டு அணிகளுக்கு நடுவில் அன்றைக்கு ஏற்படுகிற ஓர் உறவு.

மூன்றும் ஒரே புள்ளியில் நின்றால் பட்டியல் வேறு அளவுகோலைத் தேடும். அளவுகோல்களுக்கும் சரித்திரம் உண்டு. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்பது நெடுங்காலம் நடந்தது. இங்கிலாந்து லீக் 1981-82 பருவத்தில் அதை மூன்றாக்கியது. உலகக் கோப்பையில் 1994இல்தான் மூன்று வந்தது. எட்டு ஆட்டங்களில் நாலு வெற்றி, நாலு தோல்வி கண்ட ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னோர் அணிக்கு இரண்டு வெற்றி, ஐந்து டிரா, ஒரு தோல்வி. பழைய முறையில் முதல் அணிக்கு 8, இரண்டாவதற்கு 9. புதிய முறையில் முதலாவதற்கு 12, இரண்டாவதற்கு 11. ஒரு கோல்கூட மாறவில்லை. யார் மேல் என்பது மாறிவிட்டது. இரண்டாவது அணி அசைக்க முடியாத அணியா, துணிச்சலில்லாத அணியா என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே விதிப்புத்தகம் தீர்மானித்துவிடுகிறது.

கோல் கணக்கும் அப்படித்தான். 1966 வரை உலகக் கோப்பையில் கோல் சராசரி, அதாவது போட்டதை வாங்கியதால் வகுப்பது. 1970 முதல் கோல் வித்தியாசம், போட்டதிலிருந்து வாங்கியதைக் கழிப்பது. மூன்று போட்டு ஒன்று வாங்கிய அணிக்குச் சராசரி 3, வித்தியாசம் 2. எட்டுப் போட்டு நாலு வாங்கிய அணிக்குச் சராசரி 2, வித்தியாசம் 4. வகுத்தால் சிக்கனக்காரன் மேலே. கழித்தால் தாராளக்காரன் மேலே. மௌனி எழுதிய கதைகள் மொத்தமே இருபத்துச்சொச்சம். ஜெயகாந்தன் எழுதியவை நூற்றுக்கு மேல். இவர்களில் யார் பெரியவர் என்று விடியவிடியச் சண்டை போடுகிற நண்பர்கள், தாங்கள் வகுக்கிறார்களா கழிக்கிறார்களா என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும். மிச்சப் பாதிதான் இலக்கிய விசாரம்.

கடைசிச் சுற்றில் பட்டியல் இன்னொரு காரியமும் செய்கிறது. அது ஆட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. 1982 ஜூன் 25, ஸ்பெயினில் கிகோன் நகரம். மேற்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் உலகக் கோப்பை ஆட்டம். மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வென்றிருந்த அல்ஜீரியா தன் ஆட்டங்களை முந்தின நாளே முடித்துவிட்டது. ஜெர்மனி ஒன்றோ இரண்டோ கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு ஐரோப்பிய அணிகளும் தப்பிக்கும், அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிஷத்தை ஒட்டி ஜெர்மனி ஒரு கோல் போட்டது. அப்புறம் மிச்ச நேரம் முழுவதும் பந்து இங்குமங்கும் உருண்டது, அவ்வளவே. விதி எதுவும் மீறப்படவில்லை. பட்டியலுக்காக ஆடினார்கள், ஆட்டம் இல்லாமல் போயிற்று. அதன் பிறகுதான் உலகக் கோப்பையில் ஒரு குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துவது என்று வைத்தார்கள்.

ஒரே நேரத்தில் நடத்தினால் என்ன ஆகும் என்பதை நாமும் பார்த்தோம். 2019 மார்ச் 9, ஐ-லீகின் கடைசி நாள். கோயம்புத்தூரில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபிடம் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கி, பிறகு 3-1 என்று ஜெயித்தது. அதே சமயம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தை ஜெயித்துக்கொண்டிருந்தது. இருபது ஆட்டங்கள் முடிந்தபோது சென்னைக்கு 43, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. கோப்பை வந்தது. 2021-22 லீகில் அந்தச் சாம்பியன் அணி இல்லை. பட்டியலின் முதல் வரியில் இருப்பது எதற்கும் உத்தரவாதமில்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டாம்.

இதையெல்லாம் சொன்னவுடன், ‘பார்த்தீர்களா, தரவரிசையே அபத்தம், எல்லோரும் அவரவர் வழியில் நல்லவர்கள்’ என்று ஒரு குரல் கேட்கும். நம் இலக்கிய வட்டத்தில் அடிக்கடி கேட்கிற குரல்தான். எனக்கு அதில் சம்மதமில்லை. பட்டியலே கூடாது என்பது வசதியுள்ளவர்களின் பேச்சு. மைதானத்தில் யாரையாவது தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். பல்கலைக்கழக அணியில் இருபது பேர் அளவில்தான் இடம். அந்தச் சட்டையைப் போட்டுப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடியவனுக்கு, மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் படிவம் 3 என்கிற சான்றிதழுக்கு வழியுண்டு. ஜோனில் எவ்வளவு பிரமாதமாக ஆடியிருந்தாலும் அதற்கு அந்தப் படிவம் கிடையாது. ரயில்வேயில் ஒரு வேலை, அந்த வேலையை நம்பி வீட்டில் இரண்டு தங்கைகள். ஒப்பிடாதே என்று இங்கே யார் யாரிடம் சொல்வது?

ஆகவே ஒப்பிடலாமா கூடாதா என்பது கேள்வியே இல்லை. எதைப் பார்த்து ஒப்பிடுவது என்பதுதான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு லீகின் மூன்று நாள் ஆட்டத்தையும், ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தேர்வுக்குழுவில் அவரும் ஒருவர். நாலாவதாக வந்த அணி மூன்று ஆட்டத்திலும் தோற்றது. அந்த நாலு கோலிகளில் அதிகம் கோல் வாங்கியவன் அந்த அணியின் கோலிதான். சாம்பியன் அணியின் கோலி மூன்று நாளும் ஏறக்குறைய சும்மா நின்றான்; அவன் முன்னால் இருந்த பேக்குகள் பந்தை அவனிடம் வரவே விடவில்லை. பட்டியலைக் கேட்டால் இவன்தான் சிறந்த கோலி என்று சொல்லும். மாஸ்டர் என்னிடம் சொன்னார்: “கோல் விழுந்ததப் பாக்காதீங்க சார். அடிக்கறதுக்கு முந்தி அவன் எங்க நிக்கிறான்னு பாருங்க.”

பார்த்தேன். பேக்குகள் ஏமாந்து எதிரி தனியாக வருகிறபோது தோற்ற அணியின் கோலி கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. மூன்று நாலு எட்டு முன்னால் வந்து, கோலின் வாயைச் சிறிதாக்கிவிட்டு, அங்கே நின்றான். விழவில்லை. எதிரியை முதலில் முடிவெடுக்க வைத்தான். அப்படியும் கோல் விழுந்தது, ஏனென்றால் பல தடவை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் இன்னொருவனுக்குத் தட்டிவிட்டான். இரண்டு பேருக்கு எதிராக எந்தக் கோலியும் சரியான இடத்தில் நிற்க முடியாது. அவன் வாங்கிய கோல்கள் அவனுடைய கணக்கில் எழுதப்பட்ட மற்றவர்களின் கடன். அவன் தடுத்தவை எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. அந்த வருஷம் அவனை இரண்டாவது கோலியாக எடுத்தார்கள். முதல் இடம் சாம்பியன் அணிக்காரனுக்கே போயிற்று. ஓர் அபிப்ராயம் பட்டியலை வெல்லக்கூடிய எல்லை அந்த இரண்டாவது இடம் வரைதான் போலிருக்கிறது. அதுவும் சிறிய விஷயமில்லை.

க.நா.சு. தமிழில் பட்டியல் போட்டதைப் பற்றி இன்றும் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1959இல் ‘எழுத்து’ ஆரம்பித்த செல்லப்பா அலசலின் பக்கம் நின்றார். ஒருவர் பருவம் முடிந்தபின் புள்ளிப்பட்டியலை ஒட்டியவர், மற்றவர் ஒவ்வோர் ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தவர் என்று பிரிப்பது சுலபம். ஆனால் க.நா.சு. பார்க்காமல் பட்டியல் போட்டவரல்ல. அவர் எல்லா ஆட்டத்தையும் பார்த்துவிட்டு, குறிப்பு நோட்டை மட்டும் நமக்குக் காட்டாமல் விட்டவர். அவருக்குப் பின்னால் வந்த பட்டியல்காரர்களிடம் குறிப்பு நோட்டு உண்டா என்பதுதான் என் சந்தேகம். பலரும் முந்தைய பட்டியலைப் பார்த்து அடுத்த பட்டியலைப் போடுகிறார்கள். பரிசு வாங்கியவர், பரிசு வாங்கியவரால் பாராட்டப்பட்டவர், அவரோடு ஒரே மேடையில் பேசியவர் என்று அங்கேயும் அந்த ‘ஆகவே’தான் நடக்கிறது.

தோற்ற அணியின் கோலிகள் இலக்கியத்திலும் உண்டு. வாசகர் இல்லாத ஊரிலிருந்து, மூன்று இதழோடு நின்றுபோன பத்திரிகையில், முன்னாலும் பின்னாலும் ஆதரவின்றி எழுதியவர்கள். அவர்களுடைய புத்தகத்தில் விழுந்த கோல்கள் எல்லோர் கண்ணிலும் படும். அவர்கள் எங்கே நின்றார்கள், எவ்வளவு பெரிய திறப்பை ஒற்றையாளாகச் சிறிதாக்கினார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் சொன்னால்தான் உண்டு.

வருஷக் கடைசி வருகிறது. சிறந்த பத்து, சிறந்த இருபத்தைந்து என்று நம் பத்திரிகைகளிலும் வரும். வரட்டும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்தக் கதை, அதில் எந்த இடம், அங்கே அவர் எதிர்கொண்டது என்ன என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத பெயர்களை அடித்துவிடச் சொல்லுங்கள். பட்டியல் குட்டையாகும். அதன்பிறகு அதோடு சண்டை போடலாம்.