37 துண்டும் ஒரு மைலோ டின்னும்



என்னிடம் ஓ.எல். கணிதம் படித்த ஒரு பிள்ளையின் கதை இது. அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், யாரும் ஊகிக்கவும் வேண்டாம்.

கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தவன். அங்கே கூட்டாளிமாரோடு பழகி, இப்போது ஹுன்னஸ்கிரியவில் இருந்துகொண்டே போனில் ரூலெட் ஆடுகிறான். நம் ஊரில் மூடுபனி இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று குறைப்படுகிறோம். சூதுக்கு மட்டும் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

போன மாதம் ஒருநாள் மகரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து ஒரு இலட்சம் ரூபா கடன் கேட்டான். காரணத்தை மறைக்கவில்லை. உம்மாவின் வளையல் கண்டியில் அடகில் இருக்கிறதாம், அதை மீட்க வேண்டுமாம்.

"சேர், நான் மத்தவங்க மாதிரி ஒரு நம்பர்ல வெக்கிறதில்ல. ரெண்டு டசன்ல பிரிச்சு வெக்கிறேன். 24 நம்பர் என்ட கையில. பத்துக்கு ஆறு தரம் வெல்றேன்."

அவன் சொன்னது பொய்யில்லை. சக்கரத்தில் பூச்சியத்தோடு சேர்த்து 37 எண்கள். 24ஐப் பிடித்தால் வெல்லும் நிகழ்தகவு 24/37, கிட்டத்தட்ட 65 வீதம். நான் படிப்பித்த கணக்குத்தான்!

ஹராம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அது அவனுக்கும் தெரியும், தெரிந்துகொண்டேதான் வந்து உட்கார்ந்திருந்தான். அதற்குள் இன்னொன்றும் சொன்னான்.

"நீங்களும் தோட்டத்துல மிளகு, கராம்பு, ஏலம் எல்லாம் கலந்துதானே வெச்சீக்கிறீங்க? ஒன்னு விழுந்தா மத்தது தாங்கும்னு. நானும் அதத்தானே செய்றேன்?"

உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. இஷா தொழுதுவிட்டு வருகிறேன், இரு என்றேன். தொழுகையிலும் மிளகுக்கொடிதான் ஞாபகம், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

வந்து, பழைய கொப்பித் தாளை 37 துண்டாக வெட்டி 0 முதல் 36 வரை எழுதி மைலோ டின்னில் போட்டேன். முதல் இரண்டு டசன், ஒவ்வொன்றிலும் 1,000 ரூபா. வென்றால் ஒரு டசனுக்கு 3,000 திரும்பி வரும், வைத்தது 2,000, ஆக 1,000 இலாபம். தோற்றால் 2,000 போச்சு. எடுத்த துண்டைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். என் மகள் எடுத்தாள், அவன் எழுதினான்.

முதல் ஆறில் ஐந்து வென்றான். முகம் மலர்ந்துவிட்டது. எனக்கே கொஞ்சம் பயம் வந்தது. 50 தரம் முடிந்தபோது 31 வெற்றி, 19 தோல்வி. வரவு 31,000, செலவு 38,000. பாதிக்கு மேல் வென்றவன் 7,000 ரூபா நட்டத்தில் இருந்தான்.

"இன்டைக்கு நசீபு சரியில்ல சேர்."

சரி மகன், நசீபை வெளியே எடுத்துவிடுவோம் என்றேன். 37 துண்டும் சரியாக ஒவ்வொரு தரம் வந்ததாக வைத்துக்கொள். 24 தரம் 1,000 வரும், 13 தரம் 2,000 போகும். 24,000 கழித்தல் 26,000. நீ மேசையில் வைத்த 74,000க்கு 2,000 நட்டம். அதே 37 தரமும் ஒரே எண்ணில் 1,000 வைத்திருந்தால்? ஒரு தரம் 35,000 இலாபம், 36 தரம் 1,000 நட்டம். 37,000க்கு 1,000. வீதம் ஒன்றுதான்: 37 ரூபாவுக்கு ஒரு ரூபா.

"அப்ப எல்லா நம்பர்லயும் வெச்சா?" என்று மகள் கேட்டாள். 37,000 வைத்தால் எது விழுந்தாலும் 36,000 கிடைக்கும். ஒவ்வொரு தரமும் வெற்றி, ஒவ்வொரு தரமும் 1,000 நட்டம். அவன் அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பூச்சியம் இரண்டு உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் எண்கள் 38, நட்டம் அதைவிட இரட்டிப்புக் கிட்ட. பக்கராவில் 'டை'க்கும் சேர்த்து வைப்பவர்கள் பாதுகாப்பு என்று நினைத்து மேசையிலேயே மோசமான பந்தயங்களில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மிளகுக்கும் பதில் கிடைத்தது. என் தோட்டத்தில் ஒவ்வொரு மரமும் தனியாகவே காய்க்கும். விலை ஏறும், இறங்கும், ஆனால் பட்ட மரத்தை யாரும் கலந்து நடுவதில்லை. ரூலெட்டில் ஒவ்வொரு கட்டமும் பட்ட மரம். பிரித்து வைத்தால் மெதுவாகத் தோற்கலாம். மெதுவாகத் தோற்பவன் எழும்பிப் போகமாட்டான். மணிக்கு 60 சுற்று, சுற்றுக்கு 2,000 என்றால் சராசரியாக மணிக்கு 3,200 ரூபாவுக்கு மேல். இவன் இரவில் மூன்று மணித்தியாலம் இருந்திருக்கிறான்.

கடன் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அடகுச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். வட்டியும் முதலும் பார்த்து, அவன் சம்பளத்தில் மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று அதே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினோம். பத்து மாதம் வருகிறது. உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறான், நானும் கூட வரவேண்டுமாம்.