பிராம் என்னும் மரக்கலம்

கப்பலைப் படத்திற் காண்போர் பாய்மரத்தையும் பாயையும் கண்டு மகிழ்வர். நீருக்குள் மறைந்த அடிப்பகுதி அவர் கண்ணுக்குப் புலனாவதில்லை. மரத்திற் செதுக்கிய சிற்றுருவமோ அக்குறையை நீக்குகின்றது. அதனைக் கையில் எடுத்துக் கவிழ்த்தும் பார்க்கலாம். விரலால் தடவியும் அறியலாம்.

அத்தகைய உருவம் ஒன்று என்னிடம் உண்டு. வணிகக் கப்பலிற் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், நார்வே நாட்டு ஆஸ்லோ நகரில் ‘பிராம்’ என்னும் மரக்கலத்தைக் கண்டு வந்து, ஓய்வு நாள்களில் தம் கையாலேயே செதுக்கி எனக்கு அளித்தார். அளவு நூற்றில் ஒரு பங்கு. மெய்க்கலம் ஏறத்தாழ 39 மீட்டர் நீளமும் 11 மீட்டர் அகலமும் உடையது. ஆதலின் இவ்வுருவம் முழத்திற்குச் சற்றுக் குறைந்தது. மூன்று பாய்மரங்களும், நூலாற் பின்னிய கயிறுகளும், மேல்தளத்திற் சிறு காற்றாலையும் இதில் உள. மாதக்கணக்கில் நீளும் துருவ இரவில் மின்விளக்கு எரிவதற்கு உதவியது அக்காற்றாலையே. காண வருவோர் சிலர், “பிளந்த தேங்காய்போல் வயிறு பருத்துள்ளதே! கப்பலுக்கு இஃது அழகா?” என்பர். அழகு அன்றுதான். ஆயினும் அவ்வயிற்றின் வரலாற்றைக் கேளுங்கள்.

‘ஜீனெட்’ என்னும் அமெரிக்கக் கப்பல், 1881ஆம் ஆண்டு சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டிகளிடை நசுங்கி மூழ்கியது. மூன்றாண்டு கழிந்தபின் அதன் சிதைபொருள்கள் நெடுந்தொலைவிலுள்ள கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையருகே காணப்பட்டன. அவற்றைச் சுமந்து வந்தது யாது? உறைந்த கடலும் ஓடுகின்றது என்று துணிந்தார் நான்சென் என்னும் நார்வே அறிஞர். பனியிற் சிக்கியும் நசுங்காத கலம் ஒன்று கிடைப்பின், அவ்வோட்டமே அதனைத் துருவத்தின் அருகே கொண்டு செல்லும் அன்றோ? துருவப் பயணத்திற் பெயர்பெற்ற கிரீலி முதலியோர் இது தற்கொலைக்கு ஒப்பாகும் எனக் கடிந்துரைத்தனர்.

நான்சென் கருத்தை மரத்தில் வடித்தவர் காலின் ஆர்ச்சர். பக்கச் சுவர்களை இரண்டடிக்குக் குறையாத கனத்தில் அமைத்தார். எனினும் கனத்தை மட்டும் நம்பினாரல்லர். பனி பற்றுதற்கு மூலை முடுக்கு இல்லாதவாறு அடிப்பகுதியை உருட்டி வழித்தார். சுக்கானையும் உந்துவிசிறியையும் மேலே தூக்கிக்கொள்ள வழி செய்தார். நனைந்த புளியங்கொட்டையை இரு விரலிடை வைத்து அழுத்துக; அது பிதுங்கி எழும். நெருக்கும் பனியே கலத்தை மேலே தூக்கவேண்டும் என்பது அவர் கணக்கு.

கலம் 1892இல் நீரில் இறங்கியது. மறு ஆண்டு பதின்மூவரோடு புறப்பட்டுச் செப்டம்பரிற் பனியில் உறைந்தது. 1895 ஜனவரித் தொடக்கத்தில் வந்தது கடுஞ்சோதனை. மலைபோற் குவிந்த பனிக்கட்டிகள் இடப்பக்கத்தை முட்டித் தளத்தின்மேலும் சரிந்தன. உணவையும் கருவிகளையும் பனிமேல் இறக்கிவிட்டுக் கலத்தைத் துறக்க அனைவரும் ஆயத்தமாயினர். மரம் முனகியது. பின் மெல்ல மெல்ல எழுந்தது கலம்! ஆர்ச்சரின் கணக்குப் பொய்க்கவில்லை.

அவ்வாண்டு மார்ச்சில் நான்சென்னும் யோகான்சென்னும் பனிமேல் நடந்து துருவத்தை நாடினர். 86 பாகை 14 கலை வரை சென்று திரும்பினர். சுவெர்ட்ரூப்பின் பொறுப்பில் இருந்த கலம் 1896 ஆகஸ்டிற் பனியினின்று விடுபட்டது. பதின்மூவரும் உயிருடன் வீடு சேர்ந்தனர். ஷாக்கிள்டனின் ‘எண்டூரன்ஸ்’ கப்பலும் நார்வேயிற் கட்டிய உறுதியான கலமே. அதன் அடி இங்ஙனம் உருண்டதன்று. 1915இல் தென்துருவக் கடலிற் பனி அதனை நொறுக்கிற்று. கடலடியில் 3,008 மீட்டர் ஆழத்தில் அதனைக் கண்டது 2022இல்தான்.

உருண்ட வயிற்றால் தீங்கும் உண்டு. தாங்கியை நீக்கினால் என் சிற்றுருவம் மேசைமேற் சாய்ந்து ஆடும். மெய்க்கலமும் திறந்த கடலில் அவ்வாறே உருண்டு மாலுமிகளை வாட்டியது. அத்துன்பத்தைப் பொறுத்தே அமுண்ட்சென் 1910இல் அதனைத் தென்திசைக்குச் செலுத்தி, அடுத்த ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தார். ஆஸ்லோவில் 1936இல் திறந்த காட்சிச்சாலையில் அக்கலம் இன்றும் நிற்கின்றது. தளத்தின்மேல் ஏறி நடக்கலாம். உள்ளே இறங்கிப் பதின்மூவர் உறங்கிய சிற்றறைகளையும் காணலாம்.