தவக்காலமும் பணியாரமும்
தவக்கால வெள்ளிகளில் இறைச்சியைத் தவிர்க்கும் நாம், மாலையில் பள்ளத்தூர்த் தெருவோர மிளகாய் பஜ்ஜியைத் தவிர்ப்பதில்லை. திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய் சிதைகிறது. சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைக் கடந்த எண்ணெயில் சமைக்கலாகாது என்பது 2018 முதல் நடுவண் அரசின் விதி.

எனவே நம் இல்லத்தில் செட்டிநாட்டுப் பணியாரச் சட்டியை அடுப்பிலேற்றினோம். புழுங்கலரிசியில் பாதிக்கு வரகு; உளுந்துடன் அரைத்துப் புளித்த மாவில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கலந்தோம். குழிக்குச் சில துளி எண்ணெயே போதுமாயிற்று. காரமும் குறையவில்லை.

ஆனால், அனலில் நின்று பஜ்ஜி சுடும் அந்தத் தாயின் பிழைப்பு? எண்ணெய் விலையன்றோ அவரைப் பழைய எண்ணெயோடு பிணைக்கிறது! ஆகவே அவருக்கொரு பணியாரச் சட்டி வாங்கித் தந்து, வெள்ளிதோறும் அவர் சுடுவதையே வாங்கத் தீர்மானித்துள்ளோம். நம் உடலைக் காக்கும் நோன்பு, அயலாரின் உலையை அணைத்துவிடலாகாது.