வக்கீல் காத்த கிரிக்கெட்

எங்க திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அவரை ஆட்கொள்ள இறைவனே ஓலையைக் காட்டி சபையில் வழக்காடினார் என்ற கதையைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, சட்டம் படித்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. அப்படி ஒருவர் டாக்டர் பி. சுப்பராயன்.

1889இல் பிறந்தவர். குமாரமங்கலம் ஜமீன்தார். ஆக்ஸ்போர்டில் படித்து, சென்னையில் வழக்கறிஞரானவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல்வர். 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் இவர் பொறுப்பு.

1938 முதல் 1946 வரை இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவரும் இவர்தான். பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க்காலம். இங்கிலாந்தில் 1940 முதல் 1945 வரை கவுண்டி சாம்பியன்ஷிப் நடக்கவே இல்லை. இங்கே, 1934இல் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் ஆடித் தொடங்கிய ரஞ்சிக் கோப்பை, அந்தப் போரின்போது ஒரு வருஷம்கூட நிற்கவில்லை.

சதம் அடித்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் அறுபடாமல் பார்த்துக்கொண்டவர்களையும் நினைக்கணும்.

இன்று எங்க பசங்க அறுவடை முடிஞ்ச வயலில் குச்சி நட்டு ஆடுறாங்க. நடவு வந்தால் ஆட்டம் போச்சு. எங்க கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு நிரந்தர மைதானம் வேணும். அதற்காக வாதாட நம்ம ஊர் வக்கீல்கள் முன்வரணும்.