சாயர்புரத்து வெள்ளைக்கார வாத்தியாரும் நானும்

தூத்துக்குடியில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் இடது பக்கம் திரும்பினால் சாயர்புரம். புதுக்கோட்டை என்றதும் திருச்சிப் பக்கம் போய்விடாதீர்கள் சார். இது எங்கள் ஜில்லாப் புதுக்கோட்டை. தப்பு பஸ்ஸில் ஏறிவிட்டு என்னைத் திட்டக் கூடாது!

போன மாதம் இந்த பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என் அக்கா மகன். பி.எட். முடித்தவன். ஜன்னல் ஸீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கடுதாசியை நீட்டினான்.

"மாமா, மாலத்தீவுல இங்கிலீஷ் வாத்தியார் வேலை வந்திருக்கு. போவவா, வேண்டாமா? நீங்க இருந்தவங்கதானே, சொல்லுங்க."

ஆமாம், இருந்தேன். 1998-இல் போய் முழுசாக இரண்டு வருஷம். இப்போது தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ஸி ஆபீஸில் பில் ஆஃப் லேடிங் டைப் அடிக்கிற ஆசாமி. பஸ்ஸில் வைத்துச் சொல்கிற பதில் இல்லை அது. "ஊருக்கு வாடா, நடந்துக்கிட்டே சொல்றேன்" என்றேன்.

சாயர்புரத்தில் இறங்கினால் பிரமாதமாகப் பார்க்க ஒன்றும் இல்லை. கோயில், பள்ளிக்கூடம், டீக்கடை, கொஞ்சம் தள்ளி 1962-இல் ஆரம்பித்த போப் கல்லூரி. சுற்றிலும் பனை. சாமுவேல் சாயர் என்ற வியாபாரி வாங்கிக் கொடுத்த நிலத்தில் எழுந்த ஊர், அதனால் சாயர்புரம். ஆனால் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் வேறு ஆள்: ஜி.யு.போப்.

திருக்குறளை இங்கிலீஷில் பெயர்த்தவர் என்று பரீட்சையில் ஒரு மார்க்குக்கு எழுதியிருப்பீர்கள். நமக்கு ஞாபகம் வருவதெல்லாம் வெள்ளைத் தாடிக் கிழவர் படம். அவர் 1842-இல் சாயர்புரத்துக்கு வந்தபோது வயது 22! என் மருமகனைவிட இரண்டு வயது சின்னவர். போன வருஷம்தான் கல்யாணமும் ஆகியிருந்தது.

பிறந்தது கனடாவில், வளர்ந்தது இங்கிலாந்தில். சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 1839-இல் சென்னை வந்து சேர்ந்தவர். இங்கே ஒரு செமினரி ஆரம்பித்தார். பனங்காட்டுக்கு நடுவில் நம்ம பையன்களுக்கு இங்கிலீஷ், லத்தீன், கிரேக்கம், எபிரேயம்! பாவம், எந்தப் பையன் எந்தப் பனையில் ஏறி ஒளிந்துகொண்டானோ.

"இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சாச்சு மாமா. மாலத்தீவுக்கு வாங்க" என்றான் மருமகன்.

வந்தேன்.

எனக்கு அங்கே வேலை ஒரு சின்னத் தீவில். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் ஒரு பீடி அணைவதற்குள் கடல் வந்துவிடும். ஏஜென்ட் ஒருவருக்குப் பணம் கட்ட, அப்பா பனை நின்ற அரை ஏக்கரை அடகு வைத்திருந்தார். சொன்ன சம்பளம் வேறு, போனபின் கையில் வந்த சம்பளம் வேறு. இரண்டாம் வாரமே ஓடிவர நினைத்தேன். எப்படி ஓடுவது? மாலேக்குப் படகு வாரம் ஒன்று. ஓடினால் அடகு மீளாது.

அங்கே வெள்ளி, சனி லீவு. ஞாயிற்றுக்கிழமை முதல் பீரியடில் நான் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, இங்கே கோயில் மணி அடிக்கும் நேரம் என்று தோன்றும். கை அப்படியே நின்றுவிடும். பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

அவர்கள் பேசுவது திவேஹி. எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். என் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், சாயர்புரத்தில் என் வாத்தியார்கள் எனக்குச் செய்தது. ஒரு நாள் அடிஸ்கேலை எடுத்து ஒரு பையன் கையில் ரெண்டு போட்டேன்.

சாயங்காலம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "சார், இந்தத் தீவுல எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். நீங்க அடிச்சது என் தங்கச்சி மகனை" என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் அந்தப் பையனைப் பார்க்கவே கூச்சம். அவனே மேஜைப் பக்கம் வந்து, புஸ்தகத்தில் இருந்த மீன் படத்தைக் காட்டி, "மஸ்" என்றான். எனக்குச் சட்டென்று மண்டையில் உறைத்தது. நம்ம மாசிக் கருவாடு! எங்க அம்மா சம்பலுக்கு இடிக்கிற மாசி இந்தக் கடலிலிருந்து வந்ததுதானே. "மாசி, மாசி" என்று கத்தினேன். வகுப்பே உருண்டு சிரித்தது. அன்றைக்கு நானும் சிரித்தேன். தண்ணிக்கு 'ஃபென்', ஆமாம் என்றால் 'ஆன்', இல்லை என்றால் 'நூன்'. ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். அந்தப் பையன்தான் வாத்தியார். தப்பாகச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வான், அவன் தலையில்தான்!

இங்கேதான் போப் ஞாபகம் வந்தது. அதுவரை அவரைச் சிலையாகத்தான் தெரியும். இருபத்திரண்டு வயதில், வெயிலில், இந்தப் பாஷையைக் கேட்டு முழித்துக்கொண்டு நின்ற ஆளாக யோசித்ததே இல்லை. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கண்டிப்பு தாங்காமல் பையன்கள் முரண்டு பிடித்தார்கள் என்று, கூட இருந்த கால்டுவெல்லே குறைப்பட்டிருக்கிறார். ஆனால் அதே மனிதர்தான் இராமானுஜ கவிராயர் முன்னால் மாணவராக உட்கார்ந்து தமிழ் படித்தவர். நம்ம பாஷையில் தான் தடுக்கி விழுந்த இடமெல்லாம் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்பது போல வெள்ளைக்காரர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடும் போட்டார்.

அதோடு நின்றிருந்தால் சுகமான கதை. வந்து மூன்றே வருஷத்தில், 1845-இல், மனைவி மேரி தூத்துக்குடியில் இறந்துபோனார். ஊரிலிருந்து பதில் கடுதாசி வர மாதக்கணக்காகும் காலம். இருபத்தைந்து வயசுப் பையனுக்கு யார் ஆறுதல் சொல்லியிருப்பார்கள், எந்தப் பாஷையில் என்று நினைத்துப் பார்ப்பேன்.

காரணம் இருக்கிறது. நான் தீவில் இருந்தபோதுதான் அப்பா போனார். டெலிபோன் பூத்துக்குச் செய்தி வந்து, படகு பிடித்து, மாலேயில் விமானத்துக்குக் காத்து, திருவனந்தபுரத்தில் இறங்கி நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள். மண் காய்ந்திருந்தது. மூட்டிய அரை ஏக்கரின் பத்திரத்தைக் கையில் கொடுக்க வேண்டிய ஆள் இல்லை.

மருமகன் பேசாமல் நடந்து வந்தான். டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"போப் கல்லறையில 'தமிழ் மாணவன்'னு எழுதியிருக்காமே மாமா?" என்றான், பேச்சை மாற்ற.

நானும் அதைப் பேச்சுப்போட்டியில் முழங்கிக் கப் வாங்கியவன்தான். ஆக்ஸ்போர்டில் இருக்கிற அந்தக் கல்லில் அப்படி வரி கிடையாது. அங்கே பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுத்தவர், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று போட்டிருக்கிறது. குடும்பத்தாரும் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல். கனடாவில் பிறந்து இங்கிலாந்தில் 1908-இல் செத்த ஆளைத் தென்னிந்தியாக்காரர் என்று எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். என்னைக் கேட்டால் நம்ம கட்டுக்கதையைவிட இது பெரிசு.

"சரி, முடிவா என்ன சொல்றீங்க?"

"ஏஜென்ட்டுக்கு ஒரு பைசா கொடுக்காதே. சம்பளத்தைக் கடுதாசியில எழுதி வாங்கு. அம்மாவை டாக்டர்கிட்ட ஒருதரம் முழுசாக் காட்டிட்டுப் போ. இந்தா."

பையிலிருந்து அந்த நாப்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அட்டை கிழிந்து, செல்லோடேப் மஞ்சளாகிப் போனது. முதல் பக்கத்தைப் புரட்டி, "மஸ்" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

"மாமா, அங்க கருப்பட்டி கிடைக்குமா?"

"கிடைக்காது. நாலு வட்டு எடுத்துக்கோ. ரெண்டு பாலிதீன் கவர் போட்டுக் கட்டு, கடல் காத்துல கசிஞ்சிரும்."