கோடைக் காற்றை நம்பி

எங்கள் வீட்டு உணவு மேசை முப்பத்திரண்டு ஆண்டுகள் மாணவர்களின் கட்டுரைத் தாள்களைச் சுமந்தது. இப்பொழுது அதன்மேல் கடல் வரைபடம் ஒன்று விரிந்து கிடக்கிறது. ஒரு மூலையை ஊறுகாய்ச் சாடியும் மறு மூலையை என் மூக்குக்கண்ணாடிக் கூடும் அழுத்திக்கொண்டிருக்கின்றன. ஓய்வு பெற்ற தமிழாசிரியன் ஒருவனும் ஓய்வு பெற்ற தாதி ஒருத்தியும், நண்பர் இரவலாகத் தரும் ஒன்பது மீட்டர் நீளப் பாய்மரப் படகில், வரும் மே மாதம் தீபகற்பத்தின் கீழைக் கரையோரமாக வடக்கு நோக்கி மெல்லச் செல்வதென்று முடிவு செய்திருக்கிறோம். கேட்டவர் நகைக்கின்றனர். நகைப்பதில் பிழையில்லை. இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025ஆம் ஆண்டில் கடாரம் வென்ற கதையை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வகுப்பில் சொன்னவன் நான். ஐம்பத்தெட்டு வயதுவரை நீந்தத் தெரியாதவனும் நானேதான்.

நாங்கள் இருவரும் மேலைக் கரைத் தோட்டங்களில் பிறந்தவர்கள். எங்கள் கடல் மலாக்கா நீரிணை. சேறும் அலையாத்திக் காடும் நிறைந்த கரை. பெற்றோர் வந்திறங்கிய துறைமுகங்களும் அந்தப் பக்கமே. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறிப் பினாங்கில் இறங்கிய கதையை என் மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்; அக்கதையில் கடலைவிட வாந்தியே மிகுதி. பால்மரமும் இருப்புப்பாதையும் நம்மவரைப் பெரும்பாலும் மேற்கிலேயே நிறுத்திவிட்டன. ஜொகூரில் இத்தனை ஆண்டு குடியிருந்தும், கீழைக் கரையைப் பள்ளிச் சுற்றுலாப் பேருந்தின் சன்னலுக்கு அப்பால் நான் அறியேன். தென்சீனக் கடல் எங்களுக்கு அயலூர்.

கோடைப் பயணம் என்று நான் சொல்லும்போது, நிலநடுக்கோட்டுக்கு அருகே கோடையேது என்று மனைவி கேட்டாள். இங்கே தமிழாசிரியனுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கோடை என்று காற்றுக்குத் திசைப்பெயர் வைத்தவர் நம் முன்னோர். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அக்கரையை அறையும். தெங்குஜூ என்று மலாய்க்காரர் சொல்லும் அக்காலத்தில் தீவுகளின் விடுதிகள் பலவும் மூடிக் கிடக்கும். மே முதல் செப்டம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வீசும். நிலத்தைக் கடந்து வருவதால் கரையோரக் கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். வடக்கே செல்லும் படகுக்கு அதுவே முதுகில் கைவைத்துத் தள்ளும் துணை. ஆகவே கோடை எங்களுக்குப் பருவமன்று, காற்று. இவ்விளக்கத்தை அவள் ஏற்றுக்கொண்டாள் என்றே நினைக்கிறேன். "இடிமழை வராதா?" என்று மட்டும் கேட்டாள். வரும். மாலையில் பெரும்பாலும் வரும்.

முதல் வேலையாக நான் ஒரு கால அட்டவணை தயாரித்தேன். மணிக்கு ஐந்து கடல் மைல் வேகம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம். ஆக முப்பது மைல். ஜொகூர் ஆற்று முகத்திலிருந்து பெர்ஹெந்தியான் தீவுகள்வரை ஏறத்தாழ முந்நூறு மைல். இன்ன நாள் இன்ன தீவு என்று கட்டம் போட்டு, இருபத்தெட்டு நாள்களில் போகவும் வரவும் முடித்துவிட்டேன். அவள் அதைப் படித்துவிட்டு, "இது பயணமா, பள்ளிக்கூடமா? மணி அடிப்பது யார்?" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நேரத்துக்கு எங்கோ சேர்ந்தாக வேண்டும் என்ற நெருக்கடிதான் படகோட்டியைக் கெட்ட வானிலையில் கடலுக்குள் இறக்குகிறது. அட்டவணை போயிற்று, விதிகள் மட்டும் நின்றன. இரவில் ஓடுவதில்லை, விளக்கில்லாச் சிறு படகுகளும் வலைகளும் அக்கரையில் உண்டு. மாலை மூன்று மணிக்குள் நங்கூரம் பாய்ச்சிவிட வேண்டும். கதிரவன் உயரத்தில் இருந்தால்தான் நீருக்கடியில் மணல் எது, பவளப்பாறை எது என்று கண்ணுக்குத் தெரியும். ஆழம் எவ்வளவோ அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும். முதல் நாள் மட்டும் விதிவிலக்கு. சிங்கப்பூர் நீரிணையின் கப்பல் கூட்டத்தை விட்டு விலகி, தென்கிழக்கு முனையைச் சுற்றி சீபு தீவை அடைய ஐம்பது மைல் ஆகும். விடியுமுன் புறப்பட வேண்டும். அப்பொழுது பெத்ரா பிராங்கா பாறையில் 1851 முதல் எரிந்துவரும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கிழக்கே காண்போம் என்பது என் ஆசை.

அதற்கப்பால் திங்கி தீவு. பெயருக்கேற்ப நெடிதுயர்ந்த குன்று. பிறகு தியோமான். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த அதன் மலை, தொலைவிலேயே மாலுமிக்கு வழிசொல்லும். ஒன்பதாம் நூற்றாண்டு அரபுப் பயணக் குறிப்புகளே அதை நன்னீர் கிடைக்கும் இடமாகச் சொல்கின்றன. எங்கள் படகின் தொட்டியில் நூறு லிட்டர்தான் அடங்கும். ஆதலால் ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்தைய அந்த வணிகரின் கவலையே எங்கள் கவலையும். குவாந்தானைத் தாண்டியபின் தெங்கோல், காப்பாஸ் என்று தீவுகள். ஒரு காலத்தில் பேராமைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிட ஏறிவந்த ரந்தாவ் அபாங் கரையையும் கடப்போம். இன்று அங்கே ஆமையைக் காண்பது அரிது.

கோலா திரெங்கானுவில் நான் மிகவும் விரும்பிக் குறித்திருப்பது டூயோங் தீவு. அங்குள்ள தச்சர்கள் வரைபடம் எதுவுமின்றிக் கண்ணளவாலேயே கடலோடும் படகுகளைக் கட்டியவர்கள். செங்கால் மரப்பலகைகளை முதலில் மரமுளைகளால் ஒன்றோடொன்று பிணைத்து, இடையில் கெலாம் மரப்பட்டை வைத்து இறுக்கி, உடல் உருவானபின்பே உள்ளெலும்பு பொருத்துவர். தாளில் எழுதாத இலக்கணம்! அக்கலை அறிந்த முதியவர் ஒருவரோடு ஒரு நாள் பேசியிருந்தால் போதும். ஆற்று வாய்களின் மணல்திட்டு ஒவ்வொரு பருவமழைக்கும் இடம் மாறும் என்பதால், உள்ளே நுழையும் வழியையும் கம்பத்து மீனவரிடம் கேட்டே ஆக வேண்டும். அங்கே நான் மாணவன்.

உண்மையில், மாணவனாக இருக்க எனக்கு எளிதில் வரவில்லை என்பதைச் சொல்லாமல் இத்திட்டத்தைப் பற்றி எழுதுவது நேர்மையன்று. ஈராண்டுக்கு முன்வரை படகில் சுக்கான் எப்பொழுதும் என் கையிலேயே இருந்தது. 'கயிற்றைப் பிடி', 'கயிற்றை விடு' என்னும் இரண்டு சொற்களே அவளுக்கு நான் கற்பித்த பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜொகூர் நீரிணையின் கிழக்கில், எனக்குத் தலை சுற்றிற்று. படகின் தளத்தில் சரிந்துவிட்டேன். அவள் தாதியல்லவா? நாடி பார்த்தாள், படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினாள், என்னைச் சரியாகவே கவனித்தாள். படகோ பாய் புடைக்க மீன்பிடிக் கேலோங்கின் மரத்தூண்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பாயை இறக்கவும் இயந்திரத்தை முடுக்கவும் அவளுக்குத் தெரியாது. அவள் குரல் கேட்டுச் சம்பானில் விரைந்து வந்த மலாய் மீனவர் ஒருவர் எங்கள் படகில் தாவி ஏறிக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். இரத்த அழுத்த மருந்தின் அளவை மாற்றியதும் எனக்குச் சரியாயிற்று. வீடு வந்தபின் அவள் சொன்னாள்: "உங்களைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரிந்தது. படகைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தீர்கள்."

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. நெய்தல் திணையில் தலைவன் கடல்மேல் போவான், தலைவி கரையில் நின்று இரங்குவாள் என்று ஆண்டுதோறும் நடத்தினேன். அதை வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது. அடுத்த வாரமே கற்பிக்கத் தொடங்கினேன். மூன்றாம் நாளே என் வகுப்பறைக் குரல் வெளிப்பட்டது. அவள் எழுந்து போய்விட்டாள். படகுக்குரிய நண்பர், முன்னாள் புவியியல் ஆசிரியர், பொறுமையுள்ளவர். அவரிடம் ஆறு மாதம் பயின்றாள்.

தேர்வு இப்படி நடந்தது. நான் நீரில் விழுந்ததாகப் பாவித்து ஒரு மட்டைத் தேங்காயைக் கடலில் எறிவோம். அதன்மேல் வைத்த கண் எடுக்காமல் படகைத் திருப்பி, வேகம் குறைத்து, காற்றுக்கு எதிர்முகமாகத் தேங்காயின் அருகே நிறுத்தி, தன்னந்தனியாக அதை அவள் மேலேற்ற வேண்டும். நான் வாய் திறக்கக் கூடாது. அதுதான் எனக்குத் தேர்வு. முதன்முறை தேங்காயைத் தாண்டிப் போய்விட்டாள். அடுத்த இரண்டு முறை அதன்மேலேயே ஏற்றினாள். "மூன்று முறை இறந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் திரும்பினாள். நான்காம் முறை தேங்காய் படகுக்குள் வந்தது. அன்று இரவு அதையே துருவிச் சட்னி அரைத்தாள்.

இப்பொழுது இரண்டு உடன்படிக்கைகள் உள்ளன. திரும்பலாம் என்று இருவரில் யார் சொன்னாலும் திரும்பிவிட வேண்டும். ஏன் என்ற கேள்வி நங்கூரம் இறங்கிய பின்னரே. இரண்டாவது, ஒற்றைப்படைத் தேதிகளில் அவளே தலைவி, நான் கயிறு பிடிப்பவன்.

நேற்று வரைபடத்தைப் பார்த்தபோது, என் பழைய தேதிகளை அவள் அழிப்பானால் தேய்த்திருந்தாள். திங்கிக்கு எதிரே 'துணி துவைக்க' என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. தியோமானுக்கு எதிரே 'மூன்று நாள், மழையென்றால் நான்கு'. மலாயில் பெர்ஹெந்தியான் என்றால் நின்று தங்குமிடம் என்று பொருள். பயணத்தின் முடிவாக நான் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்த அத்தீவின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறாள். நான் அதைத் தொடவில்லை.

பசியாறியதும் நங்கூரச் சங்கிலி வாங்கப் புறப்பட வேண்டும். இன்று தேதி பதினேழு. விலை பேசுவது அவள்.